நட்சத்திரத்தைப் போட்ட விரல்

“உங்க பொட்டிக்குள்ள ஒருத்தன் உக்காந்திருக்கான் டீச்சர். என்னைய வாசலோட திருப்பி அனுப்புதான்.”

சொல்லிவிட்டு அமலோற்பவம் பையை மேசையில் வைத்த வேகத்தில் மவுஸ் துள்ளிக் கீழே விழுந்தது.

மெஹருன்னிசா அதைக் குனிந்து எடுத்து வைத்தாள்.

“யாருக்கா?”

“அது தெரிஞ்சா உங்ககிட்ட எதுக்கு வாரேன்? நேரா அவன்கிட்டல்ல போயிருப்பேன்.”

அமலோற்பவத்துக்கு வயது நாற்பத்து மூன்று. காலையில் தூத்துக்குடி மீன் ஏலக்கூடத்தில் ஏலம் கூறுவாள். மதியம் குளித்து, சேலை மாற்றி, கல்லூரிக்கு வருவாள். பி.ஏ. முதலாம் ஆண்டு. முதல் பெஞ்சு. தலைச்சுமையில் தொடங்கி, அடிபட்டு, ஏமாந்து, ஏலக்கூடத்தில் தனக்கென்று ஓர் இடம் பிடித்தவள். பிடித்த இடத்தை விட்டதில்லை.

மெஹருன்னிசாவுக்கு இருபத்தெட்டு. எல்லாப் பிரிவு மாணவர்களும் படித்தாக வேண்டிய கணினிப் பாடம் அவளுடையது. அவள் கரும்பலகையில் எழுதிப் பார்த்தவர்கள் குறைவு. எதையாவது கையில் கொடுப்பாள். மீதியை வாங்கினவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

“என்ன நடந்துச்சு?”

“பரீட்சைக்கு விண்ணப்பம் போடுதேன். பேரு கேட்டான், கொடுத்தேன். அதோட விட வேண்டியதுதானே? குடும்பப் பேருன்னு இன்னொரு கட்டம். பக்கத்துல செவப்பு நட்சத்திரம்.”

“இனிஷியலைப் போடுங்க.”

“எம்-முன்னு போட்டேன். ரெண்டு எழுத்தாவது வேணுங்கான்.”

“காலியா விட்டா?”

“இது கட்டாயம்னு செவப்பு மையில எழுதி மூஞ்சிக்கு நேரா காட்டுதான்.”

நட்சத்திரம் வைத்த கட்டம் நிரம்பாமல் விண்ணப்பம் போகாது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி கடைசி. விண்ணப்பம் போகாவிட்டால் பரீட்சை இல்லை. பரீட்சை இல்லாவிட்டால் ஒரு வருஷம் கடலில் போட்ட மாதிரி. அன்றைக்குப் புதன்.

“மத்தவங்க எல்லாரும் நிரப்பிட்டாங்களே அக்கா.”

“நிரப்பினாவ. அதைப் பாத்துதான் எனக்கு வயிறு எரியுது.”

வகுப்பில் நாற்பத்தொரு பேர். ஒருவருக்கும் குடும்பப் பெயர் கிடையாது. முன்னால் ஓர் எழுத்து, பிறகு பெயர், அவ்வளவுதான். போன வாரம் கட்டம் கேட்டதும் ஆளுக்கொன்று எழுதினார்கள். சிலர் அப்பா பெயர். சிலர் தன் பெயரையே இரண்டு தடவை. மாரிச்செல்வம் என்ற பையன் உள்ளதை உள்ளபடி ‘இல்லை’ என்று எழுதினான்.

மறுநாள் புதிய பட்டியலை வைத்து வருகைப் பதிவு எடுத்தார்கள்.

“மாரிச்செல்வம் இல்லை.”

“இருக்கேன் மேடம்.”

வகுப்பு சிரித்து ஓய ஐந்து நிமிடமாயிற்று.

சொர்ணப்பிரியாவின் பெயர் வந்தபோது யாரும் சிரிக்கவில்லை.

அவள் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் விண்ணப்பம் போட்டவள். அங்கே இருந்தவர், “குடும்பப் பேருன்னா சாதிப் பேருதாம்மா. உங்க ஆளுக யாரு?” என்று கேட்டிருக்கிறார். அவள் சொன்னாள். அவர் தட்டினார். அவளோடு போன இன்னும் பதினெட்டுப் பேருக்கும் அப்படியே. பெயர் சரிபார்க்க என்று கல்லூரி பட்டியலை நடைச் சுவரில் ஒட்டியது. ஆறு மாதம் ஒருவரும் ஒருவரிடமும் கேட்காத கேள்விக்கு, சுவர் பதில் சொல்லிவிட்டது.

“ஏட்டி சொர்ணா, யாரும் எதுவும் சொன்னாங்களா?” என்று அமலோற்பவம் கேட்டாள்.

“ஒண்ணும் சொல்லலக்கா. பக்கத்துல இருக்கவ மட்டும் சாப்பிடும்போது டிபன் பாக்ஸைக் கொஞ்சம் தள்ளி வச்சுக்கிட்டா.”

மறுநாள் முதல் சொர்ணா வகுப்புக்கு வரவில்லை.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது அமலோற்பவத்துக்கு மூச்சு வாங்கியது.

“என் பேருக்குப் பின்னால ஒருத்தரும் கிடையாது டீச்சர். கட்டினவன் போயிட்டான். அவன் பேரைப் போட மாட்டேன். சாதியைப் போட மாட்டேன். பொய்யும் போட மாட்டேன். இந்தக் கம்ப்யூட்டர் எதுக்கு இதைக் கேக்குது? அதச் சொல்லுங்க.”

மெஹருன்னிசா மேசை இழுப்பறையிலிருந்து ஒரு ஸ்குரூ டிரைவரை எடுத்து நீட்டினாள்.

“உள்ள ஒருத்தன் இருக்கான்னீங்களே. திறந்து கேளுங்க.”

“விளையாடுதீங்களா?”

“மூலையில இருக்கறது ஓடாத பொட்டிதான். பயப்படாம திறங்க.”

கோபத்தில் இருப்பவளிடம் ஸ்குரூ டிரைவரைக் கொடுத்தால் என்ன ஆகும்? இரண்டே நிமிடத்தில் மூடி கழன்றது. உள்ளே விசிறி ஒன்று. வயர்கள். பச்சைத் தகடு. விரல் கனத்துக்குத் தூசி. ஒரு பல்லி முட்டை.

“யாரு இருக்கா?”

“ஒருத்தனும் இல்ல.”

“அப்ப உங்களத் திருப்பி அனுப்பினது யாரு?”

அமலோற்பவம் பல்லி முட்டையைப் பார்த்தாள். டீச்சரைப் பார்த்தாள். மூடியை மாட்டாமலே எழுந்து போனாள்.

வியாழக்கிழமை வந்தாள். முகத்தில் தூக்கமில்லை.

“நாலாவது பாடத்துல இருக்குமோன்னு புரட்டினேன் டீச்சர். தொழில்நுட்பத்தின் சமூகத் தாக்கங்கள் ஐந்து எழுதுக. தூரம் குறையும், நேரம் மிஞ்சும், தகவல் பெருகும். அஞ்சையும் நெட்டுருப் போட்டுட்டேன். சொர்ணா டிபன் பாக்ஸு அதுல வரல.”

“அது ஆறாவது போல.”

“ஆறாவதுக்கு எத்தனை மார்க்கு?”

மெஹருன்னிசா சிரிக்கவில்லை. ஒரு கணினியின் முன் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“இன்னைக்குப் படிவம் தயாரிக்கறதுதான் செய்முறை. உங்க ஏலக்கூடத்துக்கு ஒண்ணு செய்யுங்க. மீன் கொண்டு வர்றவங்க, வர்றதுக்கு முன்னால போன்ல இதை நிரப்பணும்.”

இதற்கு அமலோற்பவத்துக்குப் பாடம் வேண்டுமா? ஒற்றை விரலால் தட்டினாலும் அடுக்கிக்கொண்டே போனாள். பெயர். போன் நம்பர். என்ன மீன். எத்தனை கூடை. படகின் பெயர்.

“எதெது இல்லாம முடியாதோ அதுக்கெல்லாம் நட்சத்திரம் வைங்க” என்றாள் மெஹருன்னிசா.

“எல்லாத்துக்கும் வைக்கேன். ஒருத்தனும் டபாய்க்கப்படாது.”

வைத்தாள். டக், டக், டக் என்று. அமலோற்பவம் எழுந்து நின்று தன் படிவத்தைப் பார்த்தாள். ஊரையே கைக்குள் போட்டுக்கொண்ட மாதிரி இருந்தது.

மெஹருன்னிசா அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“நான் இப்ப கரையில நண்டு பிடிக்கிறவ. பேரு பாத்திமா.”

தட்டினாள். போன் நம்பர் தட்டினாள். நண்டு. ஒரு கூடை. கடைசிக் கட்டத்தில் கையை எடுத்துவிட்டாள்.

“படகு பேரைப் போடுங்க டீச்சர்.”

“படகு ஏது? முழங்கால் தண்ணியில நின்னு கையால பிடிக்கிறவ நான்.”

“அப்ப அப்படியே அனுப்புங்க.”

அனுப்பினாள். திரையில் சிவப்பாக வந்தது: இது கட்டாயம்.

“என்ன அக்கா, உங்க கம்ப்யூட்டர் என்னைய ஏத்துக்கலையே.”

“கம்ப்யூட்டரா ஏத்துக்கல டீச்சர்? நாந்தான்…”

அங்கேயே நின்றுவிட்டாள்.

கரையில் நண்டு பிடிக்கிற பெண்கள் எட்டுப் பேரை அவளுக்குப் பெயர் சொல்லித் தெரியும். நேற்றுக்கூட இரண்டு பேரின் நண்டை அவள்தான் ஏலம் கூறினாள். நட்சத்திரம் வைத்தபோது ஒருத்தியும் நினைவில் வரவில்லை. யாரையும் துரத்த வேண்டுமென்று அவள் நினைக்கவில்லை. ஒரு தட்டு, அவ்வளவுதான். எட்டுப் பேரும் வெளியே.

விரல் இன்னும் நீட்டியபடியே இருந்தது. அதையே பார்த்தாள்.

“டீச்சர்.”

“ம்.”

“அந்த நட்சத்திரத்தையும் ஒரு வெரலுதான் போட்டிருக்கும்.”

மெஹருன்னிசா மணியைப் பார்த்தாள்.

“நாளைக்கு அஞ்சு மணி வரைக்கும் நேரம் இருக்குக்கா.”

வெள்ளிக்கிழமை அமலோற்பவம் ஏலத்துக்குப் போகவில்லை. பதினாறு வயதிலிருந்து காய்ச்சலுக்குக்கூட எடுக்காத விடுப்பு.

காலையில் முதல் வேலையாகத் தன் படிவத்தில் படகின் பெயருக்குப் பக்கத்து நட்சத்திரத்தை எடுத்தாள். அப்புறம் கல்லூரி அலுவலகத்துக்குப் போனாள்.

“குடும்பப் பேரைக் கட்டாயம்னு வச்சது யாரு சார்?”

“கம்ப்யூட்டர் கேக்குதும்மா. நாங்க என்ன செய்ய?”

“முந்தாநேத்தே கம்ப்யூட்டரைத் திறந்து பாத்தாச்சு. உள்ள பல்லி முட்டைதான் இருக்கு. ஆளைச் சொல்லுங்க.”

பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவின் நம்பர் கிடைத்தது. அங்கே பேசியவர், “சிஸ்டம் அப்படி” என்றார். சிஸ்டத்துக்குக் கை இருக்கா என்று கேட்டாள். அவர் இன்னொருவரிடம் கொடுத்தார். அவர் மூன்றாமவரிடம். மதிய உணவு இடைவேளை என்றார்கள். சாப்பிட்டுவிட்டே வாருங்கள், போனை வைக்கவில்லை என்றாள். நாற்பது நிமிடம் அந்தப் பக்கத்து மேசைச் சத்தத்தைக் கேட்டபடி இருந்தாள். கூடையோடு காத்திருந்து பழகியவளுக்கு இது ஒரு பெரிய விஷயமா? சாப்பிட்டு வந்தவர், அவள் இன்னும் போனில் காத்திருப்பது கண்டு, படிவத்தைச் செய்த கம்பெனியின் நம்பரைச் சொல்லிவிட்டார்.

மாலை நான்கு மணி. கணினி அறை நிரம்பியிருந்தது. கடைசி வரிசையில் சொர்ணா. அவளை வீட்டுக்கே போய் இழுத்து வந்தது மாரிச்செல்வம்.

“கம்பெனிக்காரன் இங்கிலீஷு பேசுவானோ என்னமோ. நீங்க பேசுங்க டீச்சர்.” அமலோற்பவம் போனை நீட்டினாள்.

மெஹருன்னிசா அதை வாங்கினாள். ஸ்பீக்கரைப் போட்டாள். அமலோற்பவத்தின் கையிலேயே திருப்பி வைத்தாள்.

அந்தப் பக்கம் ஓர் இளைஞனின் குரல். தமிழ்தான்.

“தேர்வு விண்ணப்பமா? ஆமா மேடம், நாங்க செஞ்சதுதான்.”

“நாங்கன்னா எத்தனை பேரு தம்பி? குடும்பப் பேருக்கு நட்சத்திரம் போட்டது யாரு வெரலு?”



“என்னோடதுதான். நான்தான் போட்டேன்.”

அறையில் நாற்காலிகள் நகர்ந்தன. அமலோற்பவம் மற்றக் கையை உயர்த்தி அடக்கினாள்.

“நல்லா இருப்பீங்க. காலையிலயிருந்து இப்பத்தான் ஒரு ஆம்பளை ‘நான்’னு சொல்லுதான். உங்க பேரு என்ன தம்பி?”

சொன்னான். முன்னால் ஓர் எழுத்து. அப்புறம் பெயர்.

“குடும்பப் பேரு?”

“அது வந்து…” என்று இழுத்தான்.

“சொல்லுங்க தம்பி. நட்சத்திரம் இருக்குல்லா. கட்டாயம்.”

“…கிடையாதும்மா.”

“அப்ப உங்க படிவத்துல உங்களாலயே பரீட்சை எழுத முடியாது.”

அறை வெடித்துச் சிரித்தது. மாரிச்செல்வம் பெஞ்சில் அடித்தான். சொர்ணாவும் சிரித்தாள், வாயைப் பொத்திக்கொண்டு. போனுக்குள்ளும் யாரோ சிரிப்பது கேட்டது. அவன்தான்.

“வேற மாநிலத்துக்குச் செஞ்சதும்மா. அதையே எடுத்துப் போட்டுட்டோம். யோசிக்கல.”

“யோசிக்காம போட்டது பெரிய குத்தமில்ல. முந்தாநேத்து வரைக்கும் எனக்கும் தெரியாது. நேத்து நானே ஒண்ணு போட்டு எட்டுப் பேரைத் துரத்தினேன். இன்னைக்குக் காலையில எடுத்துட்டேன். ஒரு தட்டுதான்.”

“சரிம்மா. மேல கேட்டுட்டுத் திங்கக்கிழமை…”

“போடும்போது மேல கேட்டீங்களா?”



“இல்லம்மா.”

“அப்ப எடுக்க மட்டும் எதுக்கு மேல போறீங்க? மணி நாலு இருபது. முதல்ல அந்த நட்சத்திரத்தை எடுங்க. அப்புறம் அந்தக் கட்டத்துல இதுவரைக்கும் யாரு என்ன எழுதியிருந்தாலும் அழிங்க, ஒண்ணு விடாம. எங்க பிள்ளைக பேரு பெத்தவுக வச்ச மாதிரி மட்டும் வரணும். நாப்பத்தொரு பேரு திரையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கோம், நான் போனை வைக்கப் போறதில்ல. எடுங்க தம்பி.”