அடிக்கு ஒரு பொன்

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் இன்றும் சிலருக்குக் கோபம் வரக்கூடிய ஒரு நாட்டில், மழை பொய்த்தது. கப்பல் வரவில்லை, தறி ஓடவில்லை, கடைக்காரர்கள் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். நிலம் வாங்க ஆளே இல்லை. இதில் மிகவும் கலங்கிப்போனவர் தலைமை அமைச்சர் ஏகாம்பரநாதர். நல்ல காலத்தில் ஊருக்குத் தெற்கே இருந்த உப்பங்கழியை மைத்துனன் பெயரில் வளைத்து மனைகளாகப் பிரித்து வைத்திருந்தார், பாவம். இப்போது அங்கே நண்டுகள்தான் குடியிருந்தன.

"மன்னா, நில விலை சரிந்தால் தங்கள் கௌரவமே சரிந்ததாகும்" என்று ஓதினார். கௌரவம் என்றதும் மன்னர் வீரகண்டருக்கு மீசை துடித்தது. உடனே ஆணை பிறந்தது: "அரண்மனைச் சம்பளக்காரர் ஒவ்வொருவரும் பௌர்ணமிக்குள் நூறு அடி வாங்க வேண்டும். அடிக்கு ஒரு பொன். குறைத்துக் கொடுப்பதும் குறைத்துப் பெறுவதும் குற்றம். வாங்காதவருக்கு வேலை இல்லை." மனை வியாபாரத்தில் நிலம் என்று யாரும் நீட்டி முழக்குவதில்லை, அடி என்றாலே புரியும். ஆணையிலும் அப்படியே எழுதிவிட்டார்கள்.

அரண்மனையில் விகடம் பேசிப் பிழைத்த பொன்னுரங்கனும் சம்பளக்காரன்தான். வீட்டில் இருந்ததே நூறு பொன்தான். மழை வரும்வரை குடும்பம் சாப்பிட அதை விட்டால் வேறு வழியில்லை. தம் பேச்சைவிட இவன் பேச்சையே மன்னர் ரசிக்கிறார் என்று அமைச்சருக்கு நெடுநாள் எரிச்சல். இவனுக்கு வேலை போனாலும் அவருக்குச் சந்தோஷம், நண்டுகளுக்குப் பக்கத்து வீட்டுக்காரன் ஆனாலும் சந்தோஷம்.

"வாங்கினா சோறு போச்சு, வாங்கலேன்னா வேலை போச்சு" என்று மனைவி வடிவிடம் புலம்பினான். ஆணையை இன்னொரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தான். சட்டென்று முகம் மலர்ந்தது.

"வடிவு, அந்தத் துடைப்பத்தை எடுத்துட்டு வா."

பௌர்ணமியன்று, இடுப்பைப் பிடித்துக்கொண்டு மனைவியோடு சபைக்கு வந்தான். "மன்னா, ஆணைப்படி நூறு அடியும் வாங்கிவிட்டேன்."

"பொய்! என் மைத்துனன் உன்னைப் பார்க்கவே இல்லையே!" என்று கத்தினார் அமைச்சர்.

"வீட்டிலேயே வாங்கினேன், ஐயா. கொடுத்தவள் இவள்." மேலாடையை விலக்கி முதுகைக் காட்டினான். துடைப்பக் குச்சிகள் வரிவரியாகப் பதிந்திருந்தன.

"ஆமாங்க மகாராஜா" என்றாள் வடிவு. "நூறும் நான் கொடுத்ததுதான். அடிக்கு ஒரு பொன்னுன்னு கறாரா வாங்கிட்டேன். முதல்ல மெதுவாத்தான் கொடுத்தேன். அப்புறம் பழைய சங்கதியெல்லாம் ஞாபகம் வந்துடுச்சு."

"மோசடி! ஆணை சொன்னது நிலத்தை!" என்றார் அமைச்சர்.

"அந்தச் சொல் ஆணையில் இல்லையே, ஐயா. தாங்களும் சம்பளக்காரர்தானே? இன்னும் ஓர் அடிகூட வாங்கவில்லையாம். வடிவு கொடுக்கத் தயார். விலை மட்டும் குறைக்க மாட்டாள்."

வடிவு முந்தானையை இழுத்துச் செருகினாள். அமைச்சர் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார்.

மன்னர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அது இருக்கட்டும் அமைச்சரே. உங்கள் மைத்துனன் இவனை ஏன் பார்க்க வேண்டும்?" என்றார். அமைச்சர் மழுப்பிப் பார்த்தார். மிரட்டிக் கேட்டதும் உப்பங்கழிக் கதை முழுவதும் வெளியே வந்தது. ஆணை அங்கேயே ரத்தாயிற்று.

"பொன்னுரங்கா, உன் புத்தியை மெச்சினோம். அந்தக் கழியைப் பறிமுதல் செய்து, அதில் உனக்கு ஒரு மனையை இலவசமாகத் தருகிறோம்!"

பொன்னுரங்கன் பதறிப்போய் வடிவின் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றான். "வேண்டாம் மன்னா! அதற்குப் பதில் இவளிடமே இன்னொரு நூறு வாங்கிக்கொள்கிறேன்."

மன்னர் சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவியது. மழை வரும்வரை சாப்பிட நெல்லும், முதுகில் தடவ ஒரு குடம் நல்லெண்ணெயும் அன்றைக்கே அவன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன.