மொச்சையனும் ஐந்து தூதுவளை விதைகளும்

கல்லோடைக் காட்டில், ஒரு குளத்தின் மேல்கரையில், மொச்சையன் என்றொரு சருகுமான் இருந்தது. சருகுமான் என்றால் பெரிய மான் இல்லை. முயல் அளவுதான் இருக்கும். கொம்பு கிடையாது. நெடுந்தூரம் ஓடவும் வராது. ஆனால் காய்ந்த இலைகளுக்கு நடுவே அசையாமல் நின்றுவிட்டால், பக்கத்தில் வந்தவர்களுக்கும் அது கண்ணில் படாது. அது ஒன்றுதான் அதன் பலம்.

மொச்சையனுக்கு மட்டும் ஒரு கோளாறு இருந்தது. மார்கழிப் பனி இறங்கினால் இருமல் வந்துவிடும். அசையாமல் நிற்கலாம், இருமாமல் நிற்க முடியுமா?

போன மார்கழியில், சிறுத்தை நாலடி தள்ளி நின்றபோது மொச்சையன் "க்ளுக்" என்று இருமிவிட்டது. பாறை இடுக்குக்குள் பாய்ந்து தப்பியது. ஆனால் வால் முடி கொஞ்சம் சிறுத்தையின் நகத்தோடு போயிற்று. இன்னொரு மார்கழியில் வால் முடியோடு விட்டுவிடும் என்று சொல்ல முடியாது.

இருமலுக்கு மருந்து தூதுவளை இலை. அந்தப் பக்கத்தில் இருந்ததே ஒரே ஒரு கொடிதான். அதையும் ஆனி மாதம் யானைக்கூட்டம் மிதித்துவிட்டுப் போய்விட்டது. மொச்சையன் தேடித் தேடி, மண்ணில் கிடந்த ஒரு பழத்தைக் கண்டுபிடித்தது. பாதியை எறும்பு தின்றிருந்தது. மீதியில் ஐந்து விதைகள் இருந்தன.

ஆடி பிறந்தது. ஐந்து விதைகளையும் ஒரு இலையில் வைத்துக்கொண்டு மொச்சையன் கவலைப்பட ஆரம்பித்தது. கவலைப்படுவதில் அந்தக் காட்டில் அதை மிஞ்ச ஆள் இல்லை.

"எங்கே நடுவது? தரையில் நட்டு அழுகிவிட்டால்? தேன் எடுக்க வந்தவர்கள் விட்டுப்போன பானை கிடக்கிறதே, அதில் நடலாமா? அதில் முளைக்காமல் போனால்?"

அந்த வழியாக சுருளாயி என்ற நத்தை வந்தது.

"இதுல என்ன யோசனை தம்பி? பானைதான்!" என்றது சுருளாயி. "என்னைப் பாரு. வீட்டை முதுகுலயே வச்சிருக்கேன். வெயில் அடிச்சா நிழலுக்குப் போறேன். வெள்ளம் வந்தா மேட்டுக்குப் போறேன். தரையில நட்ட செடியைத் தூக்கிட்டுப் போக முடியுமா?"

"முடியாதுக்கா."

"பானையில நட்டா?"

"முடியும்க்கா!" என்றது மொச்சையன். யாரால் முடியும் என்று அது யோசிக்கவில்லை. சுருளாயி அவ்வளவு அடித்துச் சொன்னதே!

இரண்டு நாள் மூக்காலேயே மண்ணைத் தள்ளிப் பானையை நிரப்பியது. சின்னப் பானை, இரண்டு விதைகள்தான் நட முடிந்தது. பத்தாம் நாள் இரண்டும் முளைத்தன. மொச்சையன் பானையைச் சுற்றிச் சுற்றி வந்து குதித்தது.

உச்சி வெயில் ஏறியது. முளைகள் தலையைத் தொங்கப்போட்டன.

"நிழலுக்குத் தூக்கிட்டுப் போ தம்பி!" என்று கத்தியது சுருளாயி.

மொச்சையன் நெற்றியால் முட்டியது. பின்காலால் உதைத்தது. பானை அசையவில்லை. மொச்சையன்தான் மல்லாக்க விழுந்தது.

"நீ சரியா முயற்சி பண்ணல! நான் பொறந்ததுல இருந்து தூக்கறேன், ஒருநாளாவது விழுந்தேனா?"

"உங்க வீடு நெல்லிக்காய் அளவுக்கா. இது பானை!"

சரி, தூக்க முடியாவிட்டால் தண்ணீராவது ஊற்றுவோம் என்று மொச்சையன் நினைத்தது. பானை மண் காலையில் நனைத்தால் மாலையில் காய்ந்தது. குளத்துக்குப் போய் வாயில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்ற வேண்டியிருந்தது. ஒரு நாளைக்கு எட்டு நடை. இத்தனை நாளும் பனித்துளியிலும் பழத்திலும் தாகம் தீர்த்துக்கொண்டு, குளத்துப் பக்கமே அதிகம் போகாத பிராணி அது.

ஆறாம் நாள் மாலை, வாய் நிறையத் தண்ணீரோடு நிமிர்ந்தது. எதிர்க்கரையில் சிறுத்தை தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது!

மொச்சையன் அப்படியே உறைந்து நின்றது. வாயிலிருந்த தண்ணீரைத் துப்பவும் பயம், விழுங்கவும் பயம். சிறுத்தை குடித்து முடித்து, சோம்பல் முறித்து, நாக்கைச் சுழற்றிவிட்டுப் போன பிறகுதான் அதற்கு மூச்சு வந்தது. அதன் பிறகு மூன்று நாள் பாறை இடுக்கை விட்டு வெளியே வரவில்லை. நாலாம் நாள் வந்து பார்த்தால், இரண்டு முளைகளும் பொரித்த அப்பளம் போல நொறுங்கிக் கிடந்தன.

அப்போது வளைமுத்து என்ற பெருச்சாளி வந்தது.

"பானையில யாராவது செடி வைப்பாங்களா மாப்பிள்ளே? வேர் எங்க போகும்? போன இடத்துல எல்லாம் முட்டிக்கிட்டு நிக்கும். தரையில வை. வேர் தன் தண்ணியைத் தானே தேடிக்கும்."

இது பொய்யில்லை. மொச்சையனுக்கும் அது புரிந்தது.

"எங்க வைக்கட்டும் மாமா?"

"என் வளைக்குப் பக்கத்துல! நான் கிளறிப்போட்ட மண்ணு அல்வா மாதிரி இருக்கும்."

இதைச் சொல்லும்போது வளைமுத்து இரண்டு முறை உதட்டை நக்கிக்கொண்டது. மொச்சையன் அதைப் பார்த்தது. ஆனால் வயதில் மூத்தவரிடம் "ஏன் மாமா உதட்டை நக்குறீங்க?" என்று எப்படிக் கேட்பது? மரியாதையாக இருக்காதே என்று விட்டுவிட்டது.

அங்கே இரண்டு விதைகளை நட்டது. முளைத்தன. தண்ணீர் ஊற்றாமலே ஒரு சாண் வளர்ந்தன. மொச்சையனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சந்தோஷம் வந்ததும் கவலையும் கூடவே வந்தது.

"வேர் நன்றாகப் பிடித்திருக்குமா? ஒருவேளை பிடிக்காவிட்டால்?"

ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தது. வேர் நன்றாகத்தான் பிடித்திருந்தது. திரும்ப நட்டது. மறுநாள் அது வாடிச் செத்தது. இதற்கு வேறு யாரையும் குறை சொல்ல முடியாது.

இன்னொரு செடியைத் தொடவே கூடாது என்று தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. திடீரென்று அந்தச் செடி ஆடியது. காற்றே இல்லை. பிறகு விரல் அளவு குட்டையானது. பிறகு இன்னும் குட்டையானது. பிறகு நுனி மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை!

"ஐயோ! என் செடி கீழ்நோக்கி வளருதே!" என்று அலறியது மொச்சையன்.

வளைக்குள்ளிருந்து வளைமுத்து தலையை நீட்டியது. அதன் தாடை அசைந்துகொண்டிருந்தது.

"என்ன மாமா மெல்றீங்க?"

"கவலையை மெல்றேன் மாப்பிள்ளே! உன் செடி போச்சேன்னு கவலை!"

"கவலைக்கு முள்ளு இருக்குமா மாமா? உங்க மீசையில ஒண்ணு ஒட்டியிருக்கே."

வளைமுத்து மீசையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது.

ஆவணி முடியப்போகிறது. கையில் ஒரே ஒரு விதை. இது போனால் மார்கழிக்கு இலை இல்லை. இலை இல்லாவிட்டால் சிறுத்தைக்கு விருந்து.

விஷயம் கேள்விப்பட்டு சுருளாயி மெதுவாக வந்து சேர்ந்தது. வளைமுத்துவும் வெட்கமில்லாமல் வெளியே வந்தது.

"தரையில நடாதேன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன்! பானையிலயே நடு!"

"அட போக்கா! பானையில ரெண்டு கருகிப்போச்சே, அது யாரோட யோசனை? மாப்பிள்ளே, நீ தரையிலயே வை. இந்தத் தடவை இன்னும் ஆழமா கிளறித் தர்றேன்."

"கிளறுவீரு! கிளறிட்டுத் தின்பீரு!"

வேறு நாளாக இருந்தால் மொச்சையன் இரண்டு பேருக்கும் தலையாட்டியிருக்கும். அன்று ஆட்டவில்லை. விதையை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு, தான் தூங்கும் பாறை இடுக்குக்குப் போய், தனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தது. அசையாமல் நின்றது.

நின்றபோது யோசனை தெளிந்தது.

'அக்கா வீட்டைத் தூக்குகிறவள். அவளுக்குப் பானை சரி. மாமா மண்ணுக்குள் இருக்கிறவர். அவருக்குத் தரை சரி. நான் யார்? பானையைத் தூக்க எனக்குத் தெம்பு இல்லை. தினமும் குளத்துக்குப் போனால் உயிர் இல்லை. அப்படியென்றால் எனக்குத் தரைதான். ஆனால் மாமாவின் நகம் படாத தரை. அப்படி ஒரு இடம் எங்கே இருக்கிறது?'

மொச்சையன் தன் காலடியைப் பார்த்தது. இரண்டு பெரிய பாறைகள். நடுவே தான் மட்டும் நுழையும் இடுக்கு. அதன் மூலையில், வருஷக்கணக்காகச் சருகு விழுந்து மக்கிய கறுப்பு மண். குளம்பால் சுரண்டிப் பார்த்தது. சுற்றிலும் கூழாங்கல்லும் மரவேரும் நெருங்கிக் கிடந்தன. மூக்கை உள்ளே விட்டுப் பார்த்தது. ஈரம்! மறுநாள் காலையில் கவனித்தது. பாறையில் இறங்கிய பனி சொட்டுச் சொட்டாக அந்த மண்ணில்தான் விழுந்தது. வெயிலும் முதலில் அங்கேதான் விழுந்தது. அதற்கடுத்த நாளும் பார்த்தது. அதே போலத்தான்.

இத்தனை நாளும் அதன் மேல் படுத்துத் தூங்கிக்கொண்டுதான், 'எங்கே நடுவது?' என்று ஊரெல்லாம் கேட்டிருக்கிறது!

விதையை நட்டது. முளைத்தது. பிடுங்கிப் பார்க்க மூக்கு துருதுருத்தது. மொச்சையன் மூக்கைச் சருகுக்குள் புதைத்துக்கொண்டது.

ஒருநாள் இடுக்குக்கு வெளியே "கடக்!" என்று சத்தம் கேட்டது.

"மாப்பிள்ளே, என்ன மண்ணுடா இது! என் நகம் போச்சு!"

"அல்வா இல்ல மாமா. கல்லு."

சுருளாயிக்கு வேறு வருத்தம். "பாறைக்கு நடுவுல வச்சிட்டியே தம்பி, ஆபத்துன்னா எப்படித் தூக்கிட்டு ஓடுவ?"

"ஓட வேண்டாம்க்கா. ஆபத்துன்னா நானே இங்கதான் ஓடி வருவேன்."

ஐப்பசி மழை பெய்தது. ஓட்டையில்லாத பானையில் தண்ணீர் தளும்பியது, கொசுக்கள் குடிவந்தன. வளைமுத்துவின் அல்வா மண் கூழாகக் கரைந்து ஓடியது. பாறை இடுக்கில் கொடி மட்டும் முள்ளை ஊன்றி ஊன்றி மேலே ஏறியது.

மார்கழி வந்தது. ஒரு விடியற்காலை, பனிமூட்டத்துக்குள்ளிருந்து சிறுத்தை வந்து, பாறைக்கு முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

"போன வருஷம் இங்கதான் இருமிச்சு. இருமட்டும். எந்த மூலைன்னு தெரிஞ்சா நகத்தை விட்டு இழுத்துடலாம். எனக்கென்ன அவசரம்?"

உள்ளே மொச்சையனின் தொண்டை கரகரத்தது. இருமல் ஏறி வந்தது. இன்னும் ஒரு நொடிதான்! மெல்லக் கழுத்தைத் திருப்பி ஒரு இலையைக் கடித்தது. முள் உதட்டில் குத்தியது. சத்தம் போடவில்லை. மென்றது. விழுங்கியது. கரகரப்பு அடங்கவில்லை. இன்னொரு இலை. இன்னொரு இலை. மெதுவாகத் தொண்டை இளகியது. இருமல் வந்த வழியே இறங்கிப் போனது.

வெயில் ஏறியது. சிறுத்தைக்குப் பொறுமை போயிற்று. இடுக்குக்குள் மூக்கை நுழைத்தது. தூதுவளை முள் நறுக்கென்று குத்தியது.

"ஆ! பாறைக்குக்கூட முள் முளைக்குதா!" என்று மூக்கைத் தேய்த்துக்கொண்டது. "இந்த வருஷம் அது வேற காட்டுக்குப் போயிருச்சு போல."

சிறுத்தை எழுந்து போயிற்று. மொச்சையன் அன்று பகல் முழுவதும் நிம்மதியாகத் தூங்கியது.

தை மாதம் ஒரு முள்ளம்பன்றி விதை கேட்டு வந்தது. கொடியில் பழுத்த பழத்தைப் பறித்துக் கொடுத்தது மொச்சையன்.

"இதைப் பானையில வைக்கிறது நல்லதா, தரையில வைக்கிறது நல்லதா?" என்று கேட்டது முள்ளம்பன்றி.

"அது இருக்கட்டும். உன்னால தினம் தண்ணி கொண்டுவர முடியுமா? உன் வீட்டுக்குப் பக்கத்துல யார் தோண்டுறாங்க? முதல்ல அதைச் சொல்லு!" என்றது மொச்சையன்.

எது நல்லது என்று ஊரைக் கேட்பதற்கு முன்னால், நம் பலமும் நம் இடமும் எதற்குப் பொருந்தும் என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.