மயில் எழுதிய காதல் வசனம்

குளத்தங்கரைக் காட்டில் மயில் ஒரு காதல் நாடகம் எழுதியது. கதாநாயகனாக நடிக்க இருவாச்சிப் பறவையைப் பிடித்தது.

"என்ன கம்பீரமான அலகு! நீதான் கதாநாயகன்!" என்றதும் இருவாச்சிக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சமயத்தில் அதன் மனைவி குஞ்சுகளோடு குளக்கரை மரப்பொந்துக்குள் இருந்தது. இருவாச்சிகளின் வழக்கம் அது. பெண் பறவை உள்ளே போய் வாசலை அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு சந்து மட்டும் விட்டுவைக்கும். ஆண் பறவை பழங்களைத் தொண்டையில் நிரப்பிவந்து அந்தச் சந்து வழியாக ஊட்டும். அது வராவிட்டால் உள்ளே எல்லோரும் பட்டினிதான்.

நாடகத்தன்று காலை, இருவாச்சி அத்திப்பழங்களோடு பொந்துக்குக் கிளம்பியது. மயில் குறுக்கே வந்து நின்றது.

"ஒத்திகை நேரத்தில் தொண்டையில் பழமா? வசனம் எப்படி வரும்? முதலில் துப்பு!"

"வீட்டில் பசியோடு இருப்பார்களே வாத்தியாரே!"

"கலைக்காக ஒரு நாள் பொறுக்க மாட்டார்களா?"

இருவாச்சி துப்பிவிட்டது! கதாநாயகன் ஆசை அப்படி.

மாலையில் காடே பொந்து இருந்த அந்தக் குளக்கரை மரத்தடியில் திரண்டது. கதாநாயகியாகக் கிளி வந்து நின்றது. இருவாச்சி சிறகை விரித்து முழங்கியது.

"என் நிலவே! நீ பசித்திருந்தால் என் வயிறு எரியும்! உனக்காக உயிரையே தருவேன்!"

"ஆகா! பிறவிப் பயன் அடைந்தேன்!" என்றது கிளி, கொட்டாவியை அடக்கிக்கொண்டு.

"எந்த ஊர் இருவாச்சி ஐயா இப்படிப் பேசும்?" என்று குரங்கு கத்தியது. கூட்டம் சிரித்தது.

அப்போது மேலே பொந்திலிருந்து பலவீனமான குரல் ஒன்று கேட்டது.

"ஏங்க... அவளுக்கு உயிரைக் கொடுக்கிறது இருக்கட்டும். நம்ம சின்னது அழுறதையே நிறுத்திடுச்சு. ஒரு பழம் கிடைக்குமா?"

கூட்டம் திடுக்கிட்டது. சிரித்த வாய்கள் மூடவில்லை. அடப்பாவி, பெற்ற பிள்ளையைப் பட்டினி போட்டுவிட்டா இந்தக் காதல் வசனம்!

இருவாச்சி அலறியடித்துப் பறந்தது. தொண்டை நிறைய அத்திப்பழங்களோடு திரும்பியது. ஒவ்வொன்றாகச் சந்துக்குள் நீட்டியது.

கீழே கூட்டம் பொந்தையே அண்ணாந்து பார்த்தது.

வெகுநேரம் கழித்து உள்ளே "கீச்" என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது. கேலி செய்த குரங்கே கண்ணைத் துடைத்துக்கொண்டது.

"இந்தக் காட்சியை நான் எழுதவே இல்லையே!" என்று மயில் விழித்தது.

"உனக்கு எப்படித் தெரியும்? தோகையை விரித்து ஆடுவதோடு உன் காதல் முடிந்துவிடும். உன் குஞ்சுக்கு என்றைக்காவது ஒரு புழு கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாயா?" என்றது குரங்கு.

மயில் தோகையை மடக்கிக்கொண்டு எழுந்து போனது.

வாழ்ந்து அறியாத அன்பை எத்தனை அழகான வசனத்தில் சொன்னாலும், கேட்பவர் மனம் அதை நம்பாது.