யாரிடமும் எடுக்காத வரி

கோதண்டராயர் கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு அவரைக் கரித்துக்கொட்டாதீர்கள். ஆலங்கரைச் சீமையின் பொக்கிஷ அதிகாரி அவர். வயது அறுபதை நெருங்கியும், சீமைக்கு என்ன செய்வது என்று யோசித்து யோசித்துத் தூக்கத்தைத் தொலைத்த மனிதர்.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. அடுத்த மழைக்குள் ஏரியைத் தூர்வாரியாக வேண்டும். வெட்டுகிறவர்களுக்குக் கூலி அரிசி. களஞ்சியத்தில் இருந்ததோ போதாது.

சபையில் நாள் தவறாமல் இதே பேச்சு. பெரிய கிடங்கு வைத்திருப்பவர்களுக்கு வரி போடுங்கள் என்றது ஒரு பக்கம். வரி போட்டால் வியாபாரம் பக்கத்துச் சீமைக்கு ஓடிவிடும், வளர்ச்சி படுத்துவிடும் என்றது இன்னொரு பக்கம். நாணயத்தில் செம்பைக் கொஞ்சம் கூட்டலாமே என்று ஒருவர் மெல்ல ஆரம்பித்தார். போன அரசர் அப்படிச் செய்து, சந்தையில் ஆளாளுக்குக் காசைக் கடித்துப் பார்த்தது போதாதா என்று மற்றவர்கள் அவரை உட்கார வைத்துவிட்டார்கள்.

கிடங்குக்காரர்களில் ஒருவர் ராயரின் சம்பந்தி. வரி என்று வாயெடுத்தாலே மகள் வீட்டில் முகம் கோணும். பாவம், அவரும் என்ன செய்வார். ராயர் வேறு ஒரு வழி கண்டுபிடித்தார். அதை எடுத்துக்கொண்டு உலகம்மையிடம் வந்தார்.

ஏரிக்கரை மடத்தை நடத்துகிறவர் உலகம்மை. ராயருக்கு மகள் வயதுதான். ஆனாலும் அவரைக் குருவாக ஏற்றுக்கொண்டதில் ராயருக்குக் கூச்சம் இருந்ததில்லை.

"அம்மா, யாரிடமும் எடுக்காமல் வரி எடுக்க வழி கண்டுவிட்டேன்."

"யாரிடமும் எடுக்காமலா?"

"ஒருவரிடமும் இல்லை. நாளைக்குச் சபையில் சொல்லப்போகிறேன். அரசர் சரியென்றால் சீமை முழுக்க நடைமுறைக்கு வந்துவிடும். உங்கள் ஆசி வேண்டும்."

பையிலிருந்து ஒரு பித்தளைப் படியை எடுத்து வைத்தார். வெளியே பார்த்தால் எல்லோர் வீட்டிலும் இருக்கிற படிதான். உள்ளே அடிப்பாகத்தை மட்டும் ஒரு விரல் உயர்த்தியிருந்தார்கள்.

"கூலி குறையவில்லை, அம்மா. ஒரு படி என்றால் ஒரு படிதான். ஒரு வாரமாக ஏரி வேலையில் இப்படிப்பட்ட படியால்தான் அளக்கிறோம். யாரும் முணுமுணுக்கக்கூட இல்லை. களஞ்சியத்தையும் இதனால் அளந்து பார்த்தேன். இருப்பு கூடியிருக்கிறது. மழையே இல்லாமல் வளர்ச்சியா என்று அரசருக்கு ஒரே சந்தோஷம். எப்படி என்று நாளைக்குத்தான் சொல்வேன்."

"கூடினது எங்கிருந்து வந்தது?"

"எங்கிருந்தும் வரவில்லை. அளவில் வந்தது."

உலகம்மை படியைக் கையில் வாங்கி, உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்த்தார்.

"நல்ல வேலைப்பாடு. இன்றைக்கு மடத்து உலைக்கு நீங்களே அளந்து போடுங்கள், ஐயா. இதாலேயே."

ராயருக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. மதியம் சாப்பிட வருகிறவர்கள், காலையில் ஏரி வேலைக்குப் போகும்போதே வாசல் சட்டியில் ஒரு புளியங்கொட்டையைப் போட்டுவிட்டுப் போவார்கள். ஆறு கொட்டைக்கு ஒரு படி அரிசி. யார், எந்த ஊர் என்ற விசாரணை எல்லாம் கிடையாது. மடத்துக்காரர்கள் கடைசியில்தான் சாப்பிடுவார்கள்.

ராயர் கணக்கில் புலி. கொட்டைகளை இரண்டு தரம் எண்ணி, தனக்கும் உலகம்மைக்கும் சமையல்காரருக்கும் சேர்த்தே அளந்து போட்டார். சோறு வெந்ததும் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு தாமே பரிமாறினார்.

முதல் பந்தி நன்றாக நடந்தது. இரண்டாவதும் குறையில்லை. மூன்றாம் பந்தியில் ராயரின் கரண்டி கொஞ்சம் யோசித்தது. கடைசிப் பந்தியில் இருந்ததைப் பங்கிட்டு ஒப்பேற்றினார். எல்லோரும் எழுந்த பிறகு, முழங்கால் வரை சேற்றோடு ஒருவர் வந்தார். பேச்சிமுத்து என்று பெயர். கைகால் கழுவிவிட்டு, தானே ஓர் இலையை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

ராயர் அண்டாவுக்குள் கரண்டியை விட்டார். சுரண்டுகிற சத்தம்தான் வந்தது.

உலகம்மைதான் சொன்னார்.

"சோறு தீர்ந்துபோச்சு, அண்ணே."

"பரவால்ல தாயி. என் தப்புதான். இன்னும் ஒரு கூடை மண்ணு, அதையும் கொட்டிட்டு வருவோம்னு நின்னுட்டேன்."

"காலையில் கொட்டை போட்டீர்களா?" என்று ராயர் கேட்டார்.

"போட்டேன்னுதான் நெனப்பு, சாமி. ஆனா நீங்க எண்ணி அளந்திருக்கீங்க, தப்பு வருமா? நான்தான் மறந்திருப்பேன்."

உலகம்மை ஒரு செம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தார். பேச்சிமுத்து அண்ணாந்து மடமடவென்று குடித்தார்.

"இப்பல்லாம் புத்தியே சரியில்ல தாயி. வீட்டுலயும் ஒரு வாரமா அரிசி எட்ட மாட்டேங்குது. அதே கூலி, அதே புள்ளைங்க. பொண்டாட்டிதான் அவ ஆத்தா வீட்டுக்கு அள்ளிக் குடுக்குறான்னு நேத்து அடிச்சுப்புட்டேன். இல்லவே இல்லைன்னு புள்ளைங்க தலையில கைவச்சுச் சத்தியம் பண்ணுறா. அப்புறமாத்தான் பாக்குறேன், அவ ரெண்டு நாளாச் சாப்பிடவே இல்ல."

"எம் புத்தியச் செருப்பால அடிக்கணும்" என்று சொல்லிக்கொண்டே எழுந்தார். சோறு படாத இலையைத் துடைத்து, நாளைக்கு ஆகும் என்று இலைக்கட்டின் மேல் வைத்துவிட்டு, ஏரிப் பக்கம் போனார்.

ராயர் அண்டாவின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அழுகை வந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"குறையும் என்று உங்களுக்குத் தெரியுமா, அம்மா?"

"குறையும் என்று தெரியும். யாருக்குக் குறையும் என்றுதான் தெரியாது."

வெளியே மண்வெட்டிச் சத்தம் மறுபடி தொடங்கியிருந்தது. ராயர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அவர் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை, அம்மா."

உலகம்மை அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவரும் இன்னும் சாப்பிட்டிருக்கவில்லை.

"திட்டுவதற்கு ஆள் தெரிய வேண்டுமே, ஐயா" என்றார்.