கணக்கு நின்ற இடம்

மலை சரிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. ஆதிகேசவன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு, தன் ஆய்வுக்கு வழிகாட்டியாக இருந்த பேராசிரியை பூங்கோதையைப் பார்க்கச் சென்னைக்கு வந்தார்.

சீடருக்கு ஐம்பது வயது. ஆசிரியை நாலைந்து வயது இளையவர். சாலை போடும் வேலையில் பாதி ஆயுளைக் கழித்த பிறகு, மண்ணும் பாறையும் பாரம் தாங்காமல் எப்படி நெளிகின்றன, எப்படி வழுக்குகின்றன என்பதைக் கணினியில் கணக்கிடக் கற்க வேண்டும் என்று அவரிடம் போய்ச் சேர்ந்தவர் ஆதிகேசவன். பூங்கோதை இவரை "சார்" என்பார். இவர் அவரை "மேடம்" என்பார். இருவருக்கும் அது விசித்திரமாகப் பட்டதில்லை.

உட்கார்ந்ததும் ஆதிகேசவன் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கணினி என்கிட்ட ஏன் மேடம் பொய் சொல்லிச்சு?"

பூங்கோதை நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொன்னார்.

நீலகிரியில் ஒரு சரிவு. சாலையை அகலப்படுத்த அதன் அடியை வெட்டியிருந்தார்கள். வெட்டுக்குக் கீழே ஒரு சின்னக் குடியிருப்பு. பெருமழை வந்தால் சரிவு தாங்குமா என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு ஆதிகேசவனுடையது.

மண்ணை எடுத்துச் சோதித்தார். சரிவு முழுவதையும் கணினியில் சின்னச் சின்ன முக்கோணங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மண்ணின் பலத்தைக் கொடுத்து, மழையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். முக்கோணங்கள் நகர்ந்து, நெளிந்து, கடைசியில் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் நிலை எது என்று கணினி தேடும். அதுதான் தீர்வு. கிடைத்தால் அடுத்த கட்டத்துக்குப் போகும்.

கனமழைக் கட்டத்தில் கணக்கு நின்றது. தீர்வு கிடைக்கவில்லை என்று திரையில் ஒரு வரி வந்தது. மறுபடி ஓட்டினார். அதே இடத்தில் நின்றது.

கணக்கு நிற்பது இந்தத் தொழிலில் சாதாரணம். ஏதோ ஒரு முக்கோணம் கோணலாகிப் போனால்கூட நிற்கும். அதிகாரிகளிடம் முடிவைச் சொல்லும் நாள் நெருங்கிவிட்டது. நுணுக்கம் குறைந்தாலும் பரவாயில்லை என்று அவர் முக்கோணங்களைப் பெரிதாக்கினார். எவ்வளவு பிழையைப் பொறுத்துக்கொள்ளலாம் என்ற வரம்பைத் தளர்த்தினார். கணக்கு கடைசிவரை ஓடியது. சரிவு முழுவதும் நீல நிறத்தில் வந்தது. நீலம் என்றால் எதுவும் நகரவில்லை என்று பொருள்.

அந்தப் படத்தை ஆசிரியைக்கும் அனுப்பியிருந்தார். நன்றாக வந்திருக்கிறது என்று அவர் பதில் போட்டிருந்தார். இப்போது ஆதிகேசவன் அதைச் சொல்லவில்லை. பூங்கோதைதான் நினைவுபடுத்தினார். நினைவுபடுத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அங்க இருந்தவங்க உங்ககிட்ட ஏதாவது கேட்டாங்களா?" என்றார்.

மரியதாஸ் கேட்டிருந்தார். குடியிருப்பில் மளிகைக் கடை வைத்திருந்தவர். மழைக்காலம் முடியும்வரை மேலே பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவதா, இங்கேயே இருக்கலாமா என்று அவரும் அவர் மனைவி ஸ்டெல்லாவும் கடை வாசலில் நின்று கேட்டார்கள்.

"என்ன சொன்னீங்க?"

"இருக்கலாம்னு சொன்னேன்."

சரிவு இறங்கியது ஒரு விடியற்காலையில். மரியதாஸ் பால் வாங்க மேலே போயிருந்தார். ஸ்டெல்லா வீட்டில் இருந்தார்.

நிவாரண முகாமில் மரியதாஸைப் பார்க்கப் போனதையும் ஆதிகேசவன் சொன்னார். திட்டுவார் என்று நினைத்துப் போனார். திட்டினால் நல்லது என்றுகூட நினைத்தார். மரியதாஸ் ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டு, சாப்பிட்டீங்களா சார் என்று கேட்டார். அதற்குப் பிறகு இவருக்கு எந்தச் சோறும் இறங்கவில்லை.

அன்றிலிருந்து இதே வேலைதான். இடிந்த மண்ணை எடுத்து வந்து மறுபடி சோதித்தார். மழையைக் கூட்டிப் பார்த்தார், பலத்தைக் குறைத்துப் பார்த்தார். ஏதோ ஓர் எண் தப்பாகப் போயிருக்கிறது, அது எது என்று மட்டும் தெரிந்துவிட்டால் போதும் என்றார்.

பூங்கோதை மடிக்கணினியை அவர் பக்கமாகத் தள்ளினார்.

"முதல் தடவை ஓட்டினீங்களே, எதையும் மாத்தாம. அதை ஓட்டுங்க."

"அது முடியாது மேடம். நின்னுடும்."

"பரவாயில்லை."

ஓட்டினார். மழை ஏறிக்கொண்டே போனது. இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கனமழைக் கட்டத்தில் கணக்கு நின்றது. அதே வரி வந்தது.

"இப்படித்தான் மேடம்" என்று சொல்லும்போதே ஆதிகேசவனின் கை, வரம்பைத் தளர்த்தும் பெட்டிக்குத் தானாகப் போனது.

"தொடாதீங்க" என்றார் பூங்கோதை. "நிக்கறதுக்கு முன்னால எப்படி இருந்துச்சோ, அந்தப் படத்தைத் திறங்க."

ஆதிகேசவன் அந்தப் படத்தை ஒருநாளும் திறந்ததில்லை. முடியாத கணக்கின் படத்தை யாரும் திறப்பதில்லை. திறந்தார்.

நீலத்துக்கு நடுவே ஒரு சிவப்புப் பட்டை, மண் வழுக்கத் தொடங்கிய இடம். சாலைக்காக வெட்டின அடியில் தொடங்கி, வில்லாக வளைந்து, உச்சிக்குச் சற்றுக் கீழே வெளியே வந்தது. அந்த வளைவை அவருக்குத் தெரியும். ஒரு மாதமாகக் கண்ணை மூடினாலும் திறந்தாலும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மலை பிளந்து இறங்கிய இடத்தில் மிஞ்சியிருந்த செம்மண் தழும்பு அதே வளைவில்தான் இருந்தது.

விரலால் அந்தப் பட்டையைக் கீழிருந்து மேல்வரை தொட்டுக்கொண்டே போனார். பிறகு, யாரையோ கெஞ்சுவதுபோல, மெல்லிய குரலில் சொன்னார்.

"கடைசிவரை ஓடியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமே மேடம். பாதியிலே நின்னுடுச்சே."

"அது பாதியிலே நிக்கலை சார்" என்றார் பூங்கோதை. "அதுக்கு மேல அங்க மலை இல்லை."