தொண்ணூறு விநாடி

சிறுமலை அடிவாரத்தில் தயாபரி அம்மா நடத்திவந்த ஆசிரமத்துக்கு சிகப்பி வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. குருவைவிட மூன்று வயது மூத்த சிஷ்யை அவள். ஆசிரமத்துக்கு வருகிற மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதுவது அவள் வேலை. தியானத்திலும் குறை வைக்கவில்லை, உட்கார்ந்தால் அசையமாட்டாள். அவள் சிரித்து மட்டும் யாரும் பார்த்ததில்லை.

ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்கு அவளைக் காணோம். அம்மாவே அலுவலக அறைக்குத் தேடி வந்தார்.

கணினித் திரையில் வழி கண்டுபிடிக்கும் ஆட்டம் ஒன்று. சின்ன மஞ்சள் புள்ளி சந்து சந்தாக ஓடிக்கொண்டிருந்தது. மூலையில் விநாடிகள் குறைந்துகொண்டே வந்தன. நேரம் மிச்சமிருக்கும்போதே புள்ளி வெளிவாசலைத் தொட்டது. சிகப்பியின் முகத்தில் ஒன்றும் இல்லை. அடுத்த ஆட்டத்துக்குக் கை போனது.

"ஜெயிச்சிட்டீங்களே" என்றார் அம்மா.

சிகப்பி பதறி எழுந்தாள். "தினமும் ஜெயிக்கிறேன்மா."

"எவ்வளவு நாளா?"

"இங்க வந்ததிலேர்ந்து."

சிகப்பியே சொல்லத் தொடங்கினாள்.

காரைக்குடியில் பள்ளிக்கூடம் படிக்கும்போது, சனிக்கிழமை தவறாமல் அண்ணன் சாத்தப்பனோடு பிரவுசிங் சென்டருக்குப் போவாள். பலகைத் தடுப்புக்குள் ஒரே நாற்காலி, ஆளுக்குப் பாதி. இதே ஆட்டம்தான். மேலே கீழே போகும் பொத்தான்கள் அண்ணனுக்கு. இடமும் வலமும் அவளுக்கு. அவள் வலப்பக்கம் திருப்பப் பார்த்தால் அவன் மேலே ஏற்றிவிடுவான். முட்டுச் சந்தில் மாட்டிக்கொண்டு இருவரும் கத்துவார்கள். சென்டர்க்காரர் வந்து பலகையைத் தட்டுவார். அதற்குள் நேரம் முடிந்திருக்கும்.

"ஒரு தடவைகூட வாசலுக்குப் போய்ச் சேர்ந்ததில்லம்மா" என்றாள்.

"அப்புறம்?"

"அப்புறம் கல்யாணம், வேலை, ஊர் ஊரா மாத்தல். போன வருஷம் அண்ணன் போன் பண்ணுச்சு. 'அந்த ஆட்டம் இன்னும் நெட்ல இருக்கு சிகப்பி. வீட்டுக்கு வா, ஒண்ணே ஒண்ணு போடுவோம், தொண்ணூறு விநாடிதானே'ன்னுச்சு. நேரமில்லண்ணேன்னு வச்சிட்டேன். மறுவாரம் மாரடைப்பு."

வெளியே யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. சிகப்பி திரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அந்தத் தொண்ணூறு விநாடியை இனிமே நான் யாருக்கும்மா கொடுக்கிறது?"

அம்மா முக்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மேலே கீழே போற பொத்தான் எது?"

சிகப்பி காட்டினாள். அப்போது ஒருவர் வந்து, திண்டுக்கல்லிலிருந்து ஆட்கள் காத்திருப்பதாகச் சொன்னார்.

"தொண்ணூறு விநாடி உட்காரச் சொல்லுங்க" என்றார் அம்மா.

ஆட்டம் தொடங்கியது. அம்மாவுக்குச் சுத்தமாக வரவில்லை.

"மேலேம்மா" என்றாள் சிகப்பி மெதுவாக. கொஞ்சம் பொறுத்து, "மேலே, மேலே." அப்புறம், "ஐயோ, கீழே இல்ல!"

"இந்தப் பக்கந்தான் வழி" என்று அம்மா பிடிவாதமாகக் கீழேயே அழுத்தினார். புள்ளி சுவரில் முட்டிக்கொண்டு நின்றது.

"அங்க வழியே கெடையாது! இருபது விநாடிதான் இருக்கு. சொன்னாக் கேளு, மேலே போண்ணே!"

சிகப்பி போட்ட சத்தத்தில் பக்கத்து அறையில் பேச்சு நின்றது. முழங்கையால் குருவை இடித்துத் தள்ளிக்கொண்டிருந்தாள். புள்ளி எங்கெங்கோ சுற்றி அதே முட்டுச் சந்துக்கு வந்து சேர்ந்தது. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மேசையில் தலை கவிழ்த்துச் சிரித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். ஆட்டம் நின்று, திரையில் நேரம் முடிந்தது என்று எழுத்து வந்தது.

என்ன சொல்லிக் கத்தினோம் என்பது பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"மன்னிச்சிடுங்கம்மா… தோத்துட்டோம்."

அம்மா எழுந்து முக்காலியை ஓரமாக வைத்தார். கதவுவரை போய்த் திரும்பிப் பார்த்தார்.

"இப்ப அதை யாருக்குக் கொடுத்தீங்க?"

'உங்களுக்கு' என்று சொல்லத்தான் வாயெடுத்தாள் சிகப்பி. 'அண்ணனுக்கு' என்றுதான் வந்தது.