பூட்டிய பெட்டிக்குள் இளவரசியின் பெயர்

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால் வேங்கைநாட்டில் வீரகேது என்று ஒரு ராஜா இருந்தார். அவர் பேரைச் சொன்னாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏன் என்று நீங்களே கேளுங்கள்.

அவர் மகள் அல்லியங்கோதையை ஒரு சூனியக்காரி கிளியாக்கிவிட்டாள். அமாவாசைக்குள் மாற்றாவிட்டால் ஆயுசுக்கும் கிளிதான். அவளுக்கு ஒரு ரகசியப் பெயர் உண்டு. மந்திரம் ஓதி அதை மூன்று முறை உருட்டினால், சாபம் தீர்க்கும் சொல்லாக மாறும். அந்த மந்திரம் தெரிந்தது மலைப்பூதத்துக்கு மட்டும். ஆனால் பெயர் பூதத்தின் காதில் விழுந்தால் அவள் அதற்கு அடிமை.

பூட்டு செய்கிற வஞ்சி ஒரு மாயப்பெட்டியோடு வந்தாள். "மகாராஜா, இளவரசி இதுக்குள்ள பேரைச் சொல்லட்டும். பூட்டிச் சாவியை அவங்க கால்லயே கட்டிடுறேன். பூதம் பெட்டியை உருட்டினா உள்ளே இருக்கிற பேரும் மாறும்."

"பூட்டினா எப்படிம்மா வேலை நடக்கும்? திறந்து குடு!"

"திறக்காமலே நடக்கும், மகாராஜா."

கிளி பெட்டிக்குள் கிசுகிசுத்தது. வஞ்சி பூட்டிச் சாவியை அதன் காலில் கட்டினாள். பிறகு மலையிலிருந்து வரவழைத்த பூதம் மந்திரம் ஓதிப் பெட்டியை ஒரு முறை உருட்டியது. பெட்டி லேசாக நடுங்கியது.

"கொஞ்சம் திறந்து பார்க்கலாமா?"

"திறக்காமலே நடக்கும், மகாராஜா."

இரண்டாம் முறை உருட்டியது. பெட்டி கடகடவென்று ஆடியது. அந்தப் பெட்டியின் குணமே அதுதான், உருட்ட உருட்ட நடுக்கம் ஏறும். மூன்றாவது முறை தாங்காது, பெயர் சிதறிப்போகும்.

"ஐயையோ! ஒரு ஓரமா மட்டும்..." என்று ராஜா கிளியின் காலிலிருந்து சாவியைப் பிடுங்கிவிட்டார்! பூதம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. என்ன மனுஷன் ஐயா இவர்!

கிளி அவர் விரலை வெடுக்கென்று கொத்தியது. கீழே விழுந்த சாவியையும் ஆடுகிற பெட்டியையும் வஞ்சி இன்னொரு பெரிய மாயப்பெட்டிக்குள் போட்டுப் பூட்டினாள். பெரிய சாவியைக் கிளியின் காலில் கட்டினாள்.

"சாவியையுமா உள்ளே போட்டே!" ராஜா தலையில் அடித்துக்கொண்டார்.

"திறக்காமலே நடக்கும்னு எத்தனை தடவை சொல்றது!" என்று வஞ்சி கத்தியேவிட்டாள். "பூதமே, பெரிய பெட்டி மேல கை வைச்சு மந்திரம் சொல்லு."

உள்ளே கிடந்த சாவி தானாகத் திரும்பிச் சின்னப் பெட்டியைத் திறந்தது. பெயர் பெரிய பெட்டிக்கு மாறியது. நடுக்கம் நின்றது. பூதம் மூன்றாம் முறை உருட்டியது.

"உழைச்சது நான். ஒரு எழுத்துகூடத் தெரியலையே!" என்று முணுமுணுத்துக்கொண்டே அது மலையேறிப் போனது.

அதன்பிறகுதான் கிளி பெட்டியைத் திறந்தது. உள்ளே இருந்த சொல்லைச் சொன்னது. அல்லியங்கோதை எழுந்து நின்றாள்! முதல் வேலையாக அரண்மனைச் சாவிக்கொத்தை வாங்கி வஞ்சியின் கையில் கொடுத்தாள்.

ராஜா மெல்லப் பக்கத்தில் வந்தார். "கண்ணு, அந்தப் பேர் என்ன? தெரியாம அப்பாவுக்குச் சோறு இறங்குமா?"

"தெரியாமலே இறங்கும், அப்பா."